கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 பைசா: என் கிராஃப் செயலியின் கணக்கு

சந்தாவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்களாம். “பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு வாங்கிக் கொடுக்கலாமா சார்?” என்று நண்பர் கேட்டார். கிராஃப் தாளில் வரைந்த வரைபடத்தைப் போட்டோ எடுத்து, கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் சமன்பாடு சொல்லுமே, அந்தச் செயலிதான். டியூஷனில் சில வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் அளவுத்திட்டம் இதற்கு மறந்துபோகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒன்று, அவ்வளவுதான் அதன் உலகம். சென்னை ஆட்டோவுக்கு 2013ல் அரசு நிர்ணயித்த கட்டணத்தை வரையச் சொல்வேன்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. 1 கிலோமீட்டர், ஒய் அச்சில் 1 செ.மீ. 10 ரூபாய். சாய்வு, அதாவது எக்ஸ் ஒன்று கூடினால் ஒய் எவ்வளவு ஏறும் என்பது, 1.2 என்கிறது செயலி. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 பைசாவுக்கு எந்த ஆட்டோக்காரர் வருவார்? அமைப்புகளுக்குள் போய் 10 என்று மாற்ற வேண்டும். அடுத்த படத்துக்கு மறுபடியும். புகார் அனுப்பினால் “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வரும்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒய் வெட்டுத்துண்டு, அதாவது சாய்ந்த கோடு ஒய் அச்சை வெட்டும் இடம், எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே 25 என்று கத்தும், படம் அங்கேதானே தொடங்குகிறது. செயலியில் (1.8, 25), (6.8, 85) இரண்டையும் தொட்டால், சாய்ந்த கோட்டைப் புள்ளிக்கோடாகப் பின்னால் நீட்டி ஒய் அச்சில் 3.4ல் முட்டவிடும். ஒய் = 12 எக்ஸ் + 3.4. 25 ரூபாய் என்பது 1.8 வரை படுத்துக் கிடக்கும் வேறொரு கோடு. இதைப் போர்டில் எத்தனை தடவை வரைந்தாலும் ஏறாது. இதில் பார்த்ததும் பின்பெஞ்சிலிருந்துகூட “ஓ!” என்று சத்தம் வரும்.

புள்ளிகளைத் தள்ளித் தள்ளி எடுப்பது ஏன் என்பதும் இதில் பளிச்சென்று தெரியும். 5 கிலோமீட்டர் இடைவெளியில் விரல் ஒரு மில்லிமீட்டர், அதாவது 1 ரூபாய், மேலே நழுவினால் சாய்வில் 0.2தான் பிசகும். 1 கிலோமீட்டர் இடைவெளி என்றால் முழுசாக 1 பிசகும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். பத்து கிராஃப் தாளும் கூரான பென்சிலும் வாங்கிக் கொடுங்கள், அளவுத்திட்டத்தை அவளே மூலையில் எழுதட்டும். என் சந்தாவை நேற்றுதான் புதுப்பித்தேன், பழைய விலைக்கு. அந்தக் கடுப்பும் இதில் கொஞ்சம் இருக்கிறது.