ஆஸ்துமாவோடு சேர்ந்த குரல்நாண் கோளாறு: காரைக்குடி கிளினிக் ஒன்றில் கிடைத்த சிகிச்சை

காரைக்குடியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரும் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் சிறிய கிளினிக்கைப் பற்றிய மதிப்புரை இது. நெடுங்காலமாக ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துவரும் என் பெரியம்மாவின் மூச்சுத்திணறலுக்கு நுரையீரல் மட்டுமே காரணமல்ல, தொண்டையும் காரணம் என்பதை அங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

பெரியம்மா கோட்டையூரில் கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச் சீடை முதலிய பலகாரங்கள் செய்துகொடுப்பவர். மிளகாய் வறுக்கும் நெடி ஏறினால் தொண்டை இறுகி, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் தவிப்பார். இன்ஹேலர் அடித்தும் பலன் இராது, சற்று நேரத்தில் தானாகவே தணிந்துவிடும். முன்பு பார்த்த மருத்துவமனையில் இதற்காக ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

இங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "இழுக்கும்போது முட்டுதாம்மா, விடும்போதா? அடைக்கிறது நெஞ்சிலயா, தொண்டையிலயா?" ஆஸ்துமாவில் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சுருங்குவதால் மூச்சை வெளியே விடுவதுதான் பெரும்பாலும் கடினமாகிறது. குரல்நாண் கோளாறிலோ, மூச்சை இழுக்கும்போது விரிந்து வழிவிட வேண்டிய குரல்நாண்கள் (தொண்டையில் குரலை எழுப்பும் மடிப்புகள்) ஒன்றையொன்று நெருங்கி வழியை அடைத்துவிடுகின்றன. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால்தான் குழப்பம் நேர்கிறது. ஆஸ்துமா என்றே சிகிச்சை பெற்றுவந்த ஐந்து பேரிடம் கண்ட இக்கோளாறை அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 1983-இல் விரிவாக எழுதினார்கள். அப்படியிருந்தும் எத்தனையோ பேருக்கு இது இன்றும் தெரியாமலே போவது வருத்தமளிக்கிறது.

ஊதியும் இழுத்தும் மூச்சின் அளவையும் வேகத்தையும் பதிவுசெய்யும் ஸ்பைரோமெட்ரி வரைபடத்தில், உள்ளே போகும் காற்று தடைபடுவதன் அடையாளமாக மூச்சை இழுக்கும் பகுதி தட்டையாக இருந்ததை மருத்துவர் எங்களுக்கே சுட்டிக்காட்டினார். அடுத்த முறை, வீட்டில் வறுத்த மிளகாயையே ஒரு டப்பாவில் எடுத்துவரச் சொல்லி, மருந்தை ஆவிபோலாக்கி மூச்சில் செலுத்தும் நெபுலைசரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, திணறல் வந்த அந்த நேரத்திலேயே குரல்நாண்கள் மூடுவதைத் திரையில் காட்டினார். அறிகுறி இல்லாதபோது பார்த்தால் எல்லாம் இயல்பாகவே தெரியக்கூடும் என்பதால், இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டதற்காகவே இந்தக் கிளினிக்கை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பயிற்சியாளர் மிகவும் பொறுமையானவர். தோளை உயர்த்தாமல், நாக்கைத் தளர்த்தி, மூக்கால் சிறிது சிறிதாக உறிஞ்சி, சூடான காப்பியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விட வேண்டும். நன்றாக இருக்கும்போதே தினமும் பழகினால்தான் திணறும் நேரத்தில் கைகொடுக்கும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது அடுப்படியில் நெடி ஏறினாலும் பெரியம்மா பதறுவதில்லை. பெரும்பாலான நேரங்களில் பயிற்சியாலேயே அடைப்பு விலகிவிடுகிறது. ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஸ்டீராய்டு மாத்திரையையும் அவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைத்தார்கள்.

குறைகளும் உண்டு. பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து பேருந்தில் வருபவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்கிறது. பயிற்சிக் குறிப்புத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால் பெரியம்மாவுக்கு நான் தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. கிளினிக்காரர்கள் இதை உடனே மாற்ற வேண்டும். செல்பவர்கள் தொலைபேசியில் முன்பதிவு செய்துகொண்டு, பழைய ஸ்பைரோமெட்ரி தாள்களையும் தற்போது பயன்படுத்தும் இன்ஹேலர்களையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பரிசோதனையைத் தொடங்குகிறார்.