பழைய மடிக்கணினியை எப்போது விடுவது, புதியதை எப்படி வாங்குவது: கல்லடியிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

2016 இல் வாங்கிய பதினான்கு அங்குல மடிக்கணினி ஒன்றே 2025 ஓகஸ்ட் வரை என் தொழிலுக்கு முதன்மைக் கருவியாக இருந்தது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 கிகாபைற் ரேம், 500 கிகாபைற் சுழலும் வன்தட்டு ஆகியவற்றைக் கொண்ட, அலுவலகப் பயன்பாட்டுக்கென உருவாக்கப்பட்ட வகை அது. ஒரு டொலர் 145 இலங்கை ரூபா அளவில் இருந்த அக்காலத்தில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா கொடுத்து வாங்கினேன். கிழக்கிலங்கையில் மட்டக்களப்பை அடுத்த கல்லடியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் வீட்டின் முன்னறையில்தான் என் வேலை நடக்கிறது. மட்டக்களப்பிலும் களுவாஞ்சிக்குடியிலும் உள்ள அச்சகங்களுக்குக் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், திருமண அழைப்பிதழ், முப்பத்தோராம் நாள் நினைவு மலர் ஆகியவற்றைப் பக்கமாக்கிக் கொடுப்பதும், சில கடைகளின் மாதக் கணக்கைப் பதிவதும் அந்த வேலை.

புதிய கணினி எப்போது வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் ஆண்டுக் கணக்கையே எதிர்பார்க்கிறார்கள். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்னும் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. கணினி மெதுவாகிவிட்டது என்பதும் தனியே ஒரு காரணமாகாது. ஏனெனில், மெதுவாவது பெரும்பாலும் மாற்றக்கூடிய பாகத்தால் நிகழ்கிறது. மாற்ற முடியாத ஏதோ ஒன்று முடிவுக்கு வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். அப்படி வருவது தெரிந்ததும், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை வாங்கிவிட வேண்டும். பழையது நின்ற பிறகு கடைக்குப் போகிறவர், அன்றைக்குக் கடையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார்.

முதல் மூன்று ஆண்டுகளில் அந்தக் கணினியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. 2019 அளவில் அது மிகவும் தளர்ந்துவிட்டது. இயக்கியதிலிருந்து வேலை தொடங்குவதற்குள் ஒரு தேநீர் குடித்து முடிக்கலாம். விண்டோஸ் 10 பின்னணியில் எதையாவது புதுப்பிக்கத் தொடங்கினால் சுட்டியே அசையாது. புதியது வாங்கும்படி சொன்னவர்கள் பலர். நான் வன்தட்டைக் கழற்றி, சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, ரேமை 8 கிகாபைற்றாக உயர்த்தினேன். சுழலும் வன்தட்டு ஒரு சிறு கோப்பைத் தேடியெடுக்க ஏறத்தாழ பத்து மில்லி செக்கன் எடுக்கிறது. எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. இயங்குதளம் தொடங்கும்போது இத்தகைய சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் திறப்பதால், இந்த ஒரு மாற்றத்திலேயே கணினி வேறொன்றாகிவிடுகிறது. இதற்கான செலவு புதிய மடிக்கணினியின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதனால் கிடைத்ததோ மேலும் ஆறு ஆண்டுகள். இன்றும் சுழலும் வன்தட்டோடு ஒரு கணினியை வைத்துக்கொண்டு புதியது வாங்க யோசிப்பவர் யாராவது இருந்தால், முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

கடலோரத்தில் கணினியின் முதுமை வேறு விதமாக வருகிறது. கொழும்பிலோ கண்டியிலோ எழுதப்படும் அனுபவக் குறிப்புகளில் உப்புக்காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அது முதலில் திருகாணிகளைப் பிடிக்கும், அடுத்து யூஎஸ்பி துவாரங்களின் தொடுமுனைகளை, பிறகு விசைப்பலகையை. எனது கணினியில் ஐந்தாவது ஆண்டில் சில விசைகள் அழுத்தினாலும் எழுத்துத் தராத நிலைக்கு வந்தன. விசைப்பலகை முழுவதையும் மாற்றியதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. விசிறியைத் துப்புரவு செய்து, செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைப் புதிதாக இடுவதை ஆண்டுக்கொரு தடவை செய்வித்தேன். நிறுத்திவைத்த கணினியை மூடிய பையில் மாதக்கணக்காக வைப்பதைவிட நாள்தோறும் பயன்படுத்துவது நல்லது என்பதே என் அனுபவம். ஓடும் கணினியின் சூடு உள்ளே ஈரம் தங்கவிடுவதில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே ஒக்டோபர், நவம்பரிலும் மார்ச், ஏப்ரலிலும் இடி மின்னல் கடுமையாக இருக்கும். மின்னல் என்றதும் மின்கம்பியை மட்டுமே பலர் நினைக்கிறார்கள். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்பில் இணையம் பெற்ற காலத்தில், மின்னலின் அதிர்வு அந்தக் கம்பி வழியாக ரவுட்டருக்குள் வந்து, அங்கிருந்து வலைப்பின்னல் கம்பியூடாகக் கணினியின் மதர்போர்ட்டையும் (முதன்மைச் சுற்றுப்பலகை) சுட்டுவிட்ட சம்பவங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. ஒளியிழை இணைப்பில் கண்ணாடி நார் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அந்த வழி அடைபடுகிறது. ஆயினும் ரவுட்டரின் மின்செருகி இருக்கவே செய்கிறது. இடி தொடங்கியதும் இரண்டையும் கழற்றிவிட்டு, மடிக்கணினியை அதன் பற்றரியிலேயே ஓடவிடுவது வழக்கமாகிவிட்டது. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால், சார்ஜரின் மூன்றாவது முனைக்கு வீட்டில் சரியான புவித்தொடுப்பு (எர்த்) இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். கணினியை மாற்றுவதற்கு முன் மின்னிணைப்பாளரை அழைத்து அதைச் சரிபார்ப்பது நல்லது.

மேசைக்கணினியா மடிக்கணினியா என்ற கேள்விக்கு எனக்கு விடை தந்தது 2022 தான். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போனதும் பற்றரியில் ஓடவிடும் சாதாரண யூபிஎஸ் ஒன்று மேசைக்கணினியைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. புதிய பற்றரியோடு என் மடிக்கணினி நான்கு மணித்தியாலம் ஓடியது. பன்னிரண்டு வோல்ற்றில் இயங்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கு வாங்கி வைத்தேன். மேசைக்கணினியைப் பழுதுபார்ப்பது இலகு, அதே பணத்துக்குக் கூடுதல் வேகமும் கிடைக்கும் என்பவை உண்மையே. ஆனாலும், தவணைக்கு வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு இங்கே மடிக்கணினிதான் பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கணினி பழுதாகி அந்த மாதங்களில் கடைக்குப் போக நேர்ந்தவர்கள், முன்னைய ஆண்டில் ஒன்றரை இலட்சத்துக்கு விற்ற பொருளை இரண்டரைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இங்கே கணினியின் விலையை முடிவுசெய்வது டொலரும் வரியும்தான். சித்திரைப் புத்தாண்டு, நத்தார் விலைக்கழிவுகள் அவற்றின் முன் சிறியவை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே, மலிவான மாதத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, வாங்கவேண்டிய தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவைத்து, டொலர் ஓரளவு நிலையாக இருக்கும் காலத்தில், பழையது நடமாடிக்கொண்டிருக்கையிலேயே வாங்குவது என்று தீர்மானித்தேன்.

அந்தக் காலத்தைக் குறித்துக் கொடுத்தது விண்டோஸ் 10. அதற்கான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடையும் என்பது முன்பே தெரிந்திருந்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் பொதுவாகத் தேவை. எனது ஐந்தாம் தலைமுறைக் கணினி அந்தப் பட்டியலிலேயே இல்லை. மேலும் ஓர் ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தலை நீட்டிக்கும் திட்டம் வந்தது. கட்டுப்பாட்டைச் சுற்றிப்போய் விண்டோஸ் 11 ஐ நிறுவும் வழிகளும் உண்டு. ஆனால் பிறருடைய கடைக் கணக்கும் வங்கி விபரமும் இருக்கும் கணினியில் அவ்வாறான வழியை நான் விரும்பவில்லை. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்டை நிறுவிப் பார்த்தேன். பழைய கணினியில் அழகாக ஓடியது, யூனிகோட் தமிழும் குறையின்றித் தெரிந்தது. வீட்டுப் பாவனைக்கும் மாணவர்களுக்கும் அதுவே போதும். என் தொழிலுக்கான மென்பொருள்கள் அதில் இல்லை. இந்த நேரத்தில் மின்னேற்றத் துவாரமும் தளரத் தொடங்கியது. பழுதுபார்க்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “இதை ஒட்டித் தரலாம் அண்ணன், ஆனா மதர்போர்ட் போனா மாத்துறதுக்கு இனிச் சாமான் வராது” என்றார். மாற்ற முடியாதவை இரண்டு ஒரே காலத்தில் முடிவுக்கு வந்ததால் தீர்மானம் இலகுவாயிற்று.

வாங்கும்போது முதலில் எழுந்தது, புதியதா பாவித்ததா என்ற கேள்வி. வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிடும் அலுவலக மடிக்கணினிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்டதாக இருந்தால், மாணவர்களுக்கு அவற்றையே பரிந்துரைப்பேன்; அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுக் கணினியைவிட அவற்றின் உடலும் விசைப்பலகையும் உறுதியானவை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயோஸினுள் போய், நிறுவனக் கடவுச்சொல்லோ கண்காணிப்புப் பூட்டோ எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுத்து, வடிவமைப்புக் கொள்ளளவோடு இப்போதைய முழுக் கொள்ளளவை ஒப்பிட வேண்டும். பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பற்றரியின் விலையையும் சேர்த்தே பேரம் பேச வேண்டும். நான் புதியதை எடுத்ததற்குத் திரையே காரணம். அச்சுக்குப் போகும் பக்கங்களின் நிறத்தை ஓரளவேனும் நம்பிப் பார்க்க, எஸ்ஆர்ஜிபி எனப்படும் பொதுவான நிறத் தரத்தின் பரப்பை முழுமையாகக் காட்டும் திரை வேண்டும். மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் வரும் 45 சதவீத என்டிஎஸ்சி (இன்னொரு நிற அளவுகோல்) திரை அதைவிடக் குறைவான நிறங்களையே காட்டுவதால், அதில் குங்குமச் சிவப்பு வெளிறித் தெரியும். விளம்பரப் பலகையில் செயலியின் பெயரைப் பெரிதாக எழுதுகிறார்கள். திரையைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை, கேட்டால்தான் தேடிப் பார்க்கிறார்கள்.

ரேம் விடயத்தில் ஒரு நிபந்தனையோடுதான் போனேன்: மதர்போர்ட்டோடு ஒட்டப்பட்டதாக இருக்கக்கூடாது, செருகிக் கழற்றும் இடம் ஒன்றாவது வேண்டும். முந்தைய கணினி ஒன்பது ஆண்டு ஓடியது அந்த இரண்டு செருகிடங்களாலும், வன்தட்டைக் கழற்ற முடிந்ததாலும்தான். 16 கிகாபைற்றோடு வாங்கினேன். அதே ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறத் தொடங்கியது. அதை நான் எதிர்பார்த்து வாங்கவில்லை. இனி வாங்குபவர்கள், குறைந்த ரேமோடு எடுத்துப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையை விலை பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குப் போயிருந்தால் சில ஆயிரம் ரூபா குறைந்திருக்கும். ஆயினும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கடைக்கு, உத்தரவாதத்துக்காகக் கணினியைச் சுமந்துகொண்டு உதயதேவி புகையிரதத்தில் ஏறி இறங்குவதை நினைத்து, மட்டக்களப்பு நகரிலேயே வாங்கினேன். கடனட்டைக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை என்பது எங்கும் உள்ள வழக்கம். வட்டியில்லாத் தவணை என்று சொல்லப்படுவதிலும் அந்த வித்தியாசமும் வங்கியின் கையாளுகைக் கட்டணமும் இருக்கும் என்பதால், இரண்டையும் கூட்டிப் பார்த்துக் காசாகவே கொடுத்தேன். பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை வாசிக்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. ஓராண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் பதினான்கு வேலைநாட்கள் குறைந்த ஓராண்டு. எரிந்த அடையாளம், துருப்பிடித்தல், உடைவு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. எங்கள் ஊரில் கணினியைக் கொல்பவை மின்னலும் உப்பும். அவை இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

புதிய கணினியின் பற்றரியை 80 சதவீதத்தில் மின்னேற்றம் நிற்கும்படி அமைத்திருக்கிறேன். நாள் முழுவதும் செருகியிருக்கும் மடிக்கணினியில் லிதியம் பற்றரி நூறு சதவீதத்தில் சூட்டோடு நின்றால் சீக்கிரம் வீங்கும் அல்லது கொள்ளளவு இழக்கும். புயலோ வெள்ளமோ வரும் என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் நூறுக்கு ஏற்றிக்கொள்வேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்ட நாட்களில் அப்படித்தான் செய்தேன்; புதிய பற்றரி ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாமல் தாங்கியது.

பழையதை விற்கவில்லை. இங்குள்ள அச்சகங்கள் சில இன்னும் பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில், யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவோடு செய்த பக்கங்களையே அனுப்புகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது, யூனிகோடை அது அறியாது. புதிய வேலைகளை, பக்கவடிவமைப்புக்கான இன்டிசைனில் யூனிகோட் தமிழிலேயே செய்கிறேன். பழைய மலர்களின் மறுபதிப்பு வரும்போது மட்டும், இணையத் தொடர்பை முற்றாக நீக்கி வைத்திருக்கும் அந்தப் பழைய கணினியில் கோப்பைத் திறந்து, உரையை யூனிகோடுக்கு மாற்றி, யூஎஸ்பியில் எடுத்து, நச்சுநிரல் சோதனை செய்த பிறகே புதியதற்குக் கொண்டுவருகிறேன். அதன் மின்னேற்றத் துவாரத்தை அந்தத் தம்பி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.