நிக்கல்பேக்: இருபது வருடங்களுக்கு மேல் கேட்ட பிறகு

கனடாவின் நிக்கல்பேக் ராக் குழுவை 2001 கடைசியிலிருந்து கேட்டுவருகிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் இவர்களுடைய முழு ஆல்பம் ஒன்றை உட்கார்ந்து கேட்டவர்கள் மிகவும் குறைவு. ஆனால் இவர்கள் மோசம் என்று எல்லோருக்கும் தெரியும். "என்னடா, இதையெல்லாமா கேக்குற?" என்று கேட்காத நண்பன் கிடையாது. காரில் ஏறியதும் பாட்டை மாற்றியவர்கள் உண்டு. ஒரு போன், ஒரு கார், ஒரு கேமராவை நாலைந்து வருடம் பயன்படுத்திவிட்டு அனுபவம் எழுதுகிறோம். அப்படியானால் இவ்வளவு வருடம் கூடவே வைத்திருந்த இசையைப் பற்றியும் எழுதலாம். எது தாங்கியது, எது தேய்ந்தது, இத்தனை வெறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலில் ஆட்கள். ஆல்பர்ட்டா மாகாணத்தில், கல்கரியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கும் ஹன்னா என்ற சின்ன ஊரில் 1995இல் தொடங்கிய குழு இது. பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் சாட் குரோகர். பேஸ் கிட்டார் அவருடைய சகோதரர் மைக். இன்னொரு கிட்டாரும் பின்குரலும் ரயன் பீக். டிரம்ஸில் 2005 முதல் டேனியல் அடேர். பெரிய நிறுவனம் எதுவும் தேடி வருவதற்கு முன்பு எல்லா வேலையையும் தாங்களே பங்குபோட்டுச் செய்தார்கள். ரேடியோ நிலையங்களைத் தொடர்ந்து துரத்துவது சாட், கடைகளுக்கு சிடி அனுப்புவது மைக், கச்சேரி பிடிப்பது அப்போதைய டிரம்மர் ரயன் விகடால், இணையதளம் பீக். 'தி ஸ்டேட்' ஆல்பத்தை அப்படித்தான் சொந்தமாக வெளியிட்டார்கள். பிறகுதான் மெட்டல் என்ற கனமான ராக் இசைக்குப் பேர்போன ரோட்ரன்னர் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. "ஏதோ ஒரு கம்பெனி கூட்டிச் சேர்த்த பொம்மைக் குழு" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்து வந்த 'சில்வர் சைட் அப்' வெளியான தேதி 2001 செப்டம்பர் 11. அந்த நாளில் யார் பாட்டைக் கவனித்திருப்பார்கள்? ஆனாலும் அந்த ஆல்பத்தின் 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. 2000களின் பத்து ஆண்டுகளில் அமெரிக்க ரேடியோவில் மிக அதிகமாக ஒலித்த பாட்டு அதுதான் என்று பின்னால் கணக்கு வந்தது. பன்னிரண்டு லட்சம் தடவைக்கு மேல்.

வெறுப்பின் வேர் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவில் 1996இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தியபோது, நாடு முழுக்க ஒரே நிறுவனம் எத்தனை ரேடியோ நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் சுமார் 1,200 நிலையங்கள் சேர்ந்துவிட்டன. ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு கேட்ட காலம் போய், எங்கே திருப்பினாலும் ஒரே பட்டியல். கனடாவில் காரணம் வேறு. இங்கே ரேடியோவில் ஒலிக்கும் ஜனரஞ்சகப் பாட்டுகளில் குறைந்தது 35 சதவீதம் கனடா நாட்டுடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவிலும் ஓடுகிற கனடாக் குழு ஒன்று கிடைத்தால் நிலையங்கள் விடுமா? காலையிலும் அதே பாட்டு, மத்தியானமும் அதே பாட்டு. கல்யாணப் பந்தியில் போதும் போதும் என்று கையை மறித்த பிறகும் இலையில் விழுந்துகொண்டே இருக்கிற இனிப்பு மாதிரி ஆகிவிட்டது நிலைமை. இனிப்பின் மேல் வெறுப்பு வந்ததில் ஆச்சரியமில்லை.

நான் இவர்களைக் கேட்டது வேறு விதமாக. ரேடியோவில் பாட்டு பிடித்துப்போய் சிடியை வாங்கினேன். அதற்குப் பிறகு எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பது என் கையில் இருந்தது. திணிக்கப்பட்டவருக்கும் தேர்ந்தெடுத்தவருக்கும் ஒரே பாட்டு இரண்டு அனுபவமாகிவிடுகிறது. அதனால் "எனக்கு இவங்களைப் பிடிக்காது" என்பவரோடு நான் சண்டைக்குப் போவதில்லை. அவர் கேட்டது வேறு, நான் கேட்டது வேறு.

ஆனால் பிடிக்காது என்பதோடு விஷயம் நிற்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். 2002இல் போர்ச்சுகலில் ஒரு இசை விழாவில் கூட்டம் கல்லும் பாட்டிலும் வீச, கொஞ்ச நேரத்திலேயே மேடையை விட்டு இறங்கிப் போனார்கள். 2011இல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நன்றி தெரிவிக்கும் நாள் ஆட்டத்தில் இடைவேளைக்கு இவர்கள் பாடக்கூடாது என்று 50,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்காக யாரையும் திட்டாமல், ஒரு நகைச்சுவைக் காணொளியில் தாங்களே நடித்துவிட்டு, போய்ப் பாடிவிட்டும் வந்தார்கள். 2016இல் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கென்சிங்டன் என்ற ஊரின் போலீஸார், குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால் சிறைக்குப் போகும் வழியெல்லாம் நிக்கல்பேக் கேட்க வேண்டியிருக்கும் என்று அறிவித்தார்கள். உலகமே சிரித்தது. பிறகு அந்தப் போலீஸாரே அதை நீக்கிவிட்டு, குழுவினரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மன்னிப்பைப் பற்றி ஏனோ யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்த வெறுப்பை ஆராய்ந்தவரும் உண்டு. பின்லாந்து ஆய்வாளர் சல்லி அன்டோனன், 2000 முதல் 2014 வரை அந்நாட்டுப் பத்திரிகைகளில் வந்த நிக்கல்பேக் விமர்சனங்களை எடுத்துப் படித்து 2016இல் கட்டுரை வெளியிட்டார். ராக் இசையின் இலக்கணத்தை ரொம்பச் சரியாகப் பின்பற்றுகிறார்கள், ஆகவே வெறும் நகல் என்று ஒரு குற்றச்சாட்டு. போதுமான அளவு பின்பற்றவில்லை, ஆகவே வியாபாரத் தந்திரம் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே குழுவின் மேல் சுமத்தியிருக்கிறார்கள். படித்தபோது பல வருடமாக நான் வார்த்தை கிடைக்காமல் நினைத்துக்கொண்டிருந்ததை யாரோ எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

சரி, இசைக்கு வருவோம். இத்தனை வருடத்தில் தேயாமல் நின்றது 'சில்வர் சைட் அப்'தான். பத்துப் பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தயாரித்தவர்களில் ஒருவர் ரிக் பராஷர், பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டென்' ஆல்பத்தில் வேலை செய்தவர். கிட்டார் ஒலி கனமாக, கொஞ்சம் இருட்டாக இருக்கும். முதல் பாட்டு 'நெவர் அகெய்ன்', அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் பார்வையில் எழுதப்பட்டது. ரேடியோவுக்காக மெழுகு பூசியவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் ஆல்பத்தை எதில் தொடங்கியிருக்கிறார்கள் பாருங்கள். அப்புறம் 'டூ பேட்', விட்டுப்போன அப்பாவைப் பற்றியது. அந்தப் பாட்டில் சாட் குரோகரின் கரகரப்பு ஓர் உத்தியாகத் தெரிவதில்லை. கோபமும் ஏக்கமும் ஒரே மூச்சில் வரும்போது தொண்டை அப்படித்தான் இருக்கும். இளம் வயதில் எனக்கு 'ஹவ் யூ ரிமைண்ட் மீ' பெரிதாக இருந்தது. இப்போது இந்த இரண்டுக்கும்தான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

2003இன் 'தி லாங் ரோட்' அடுத்த படி. அதில் 'சம்டே' என்ற பாட்டு வந்தவுடன் கனடா மாணவர் ஒருவர் அதை ஒரு காதிலும் 'ஹவ் யூ ரிமைண்ட் மீ'யை இன்னொரு காதிலும் ஓடவிட்டு இணையத்தில் போட்டார். இரண்டும் அடிக்கு அடி பொருந்திப்போயின. குற்றச்சாட்டு நியாயமானதுதான். எங்கே மெதுவாகத் தொடங்கி எங்கே கிட்டார் வெடிக்க வேண்டும் என்பதற்கு இவர்களிடம் ஒரு வார்ப்பு உண்டு. ஆனால் வார்ப்பு இருப்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. பல்லவி வரும் இடம் முன்கூட்டியே தெரிந்திருக்கும் பாட்டில்தான் கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து பாட முடியும். இவர்கள் பாட்டு எழுதுவது அந்தக் கூட்டத்துக்காக.

2005இன் 'ஆல் தி ரைட் ரீசன்ஸ்' அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதி அளவைத் தொட்டு 2017இல் வைரச் சான்றிதழ் பெற்றது. அதன் ஐந்து பாட்டுகள் பில்போர்டு பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தன. 'ஃபோட்டோகிராஃப்' எல்லோருக்கும் மீமாகத்தான் தெரியும். படத்தை நீட்டிப் பிடித்த அந்த ஒரு காட்சியை வெட்டி ஒட்டி இணையமே விளையாடியது. அந்தக் காணொளியை முழுதாகப் பாருங்கள். ஹன்னாவிலேயே எடுத்தது. ஊரைவிட்டுப் போனவன் பள்ளிக்கூடத்தையும் பழைய சிநேகிதர்களையும் நினைத்துப் பார்க்கும் பாட்டு அது. பிறந்த ஊரை விட்டு வந்த எவருக்கும் அதில் கொஞ்சம் இடம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதே ஆல்பத்தில் 'சைட் ஆஃப் எ புல்லட்' என்று ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் ஒஹாயோவில் மேடையிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட பேன்டெரா என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டைம்பேக் டாரலுக்கு எழுதிய அஞ்சலி. டாரல் முன்பு வாசித்து வைத்திருந்த, வெளிவராத கிட்டார்த் துண்டுகளை அவருடைய சகோதரர் வின்னி பால் கொடுக்க, அவற்றைச் சேர்த்தே தனி வாசிப்பை அமைத்தார்கள். மெட்டல் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டு இந்தக் குழுவைக் கேலி செய்கிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

தேய்ந்தது எது என்றும் சொல்ல வேண்டும். 2008இன் 'டார்க் ஹார்ஸ்' எனக்குப் பாதிதான் நின்றது. ஏசி/டிசி ராக் குழுவின் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைத் தயாரித்த மட் லேங்கின் கைவண்ணம், ஒலி பளபளவென்று இருக்கும். ஆனால் பெண்களைப் பற்றிய சில பாட்டுகள் கொச்சையாக இருக்கின்றன. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது போட முடியாது. தனியாக இருக்கும்போதும் இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன். 2014இன் 'நோ ஃபிக்ஸ்ட் அட்ரஸ்' பல திசைகளில் கைவைத்துப் பார்த்த ஆல்பம், ராப் பாடகர் ஃப்ளோ ரைடா வரை உண்டு. அதிலிருந்து ஒன்றிரண்டு பாட்டுதான் என் பட்டியலில் மிச்சம்.

2017இன் 'ஃபீட் தி மெஷின்' இதற்கு நேர்மாறு. 2015இல் சாட் குரோகருக்குக் குரல்நாணில் அறுவைச் சிகிச்சை நடந்து சுற்றுப்பயணம் ரத்தான பிறகு வந்த முதல் ஆல்பம் அது. இனி பழைய மாதிரி பாடுவாரா என்ற கவலை எனக்கு இருந்தது. தலைப்புப் பாட்டின் முதல் அரை நிமிடத்திலேயே கவலை போய்விட்டது. இவர்களுடைய கனமான ஆல்பங்களில் ஒன்று, மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் அதுவே.

'கெட் ரோலின்' 2022 நவம்பரில் வந்தது. அடுத்த வருடச் சுற்றுப்பயணத்தில் நேரில் போய்ப் பார்த்தேன். ஜோஷ் ராஸ், பிரான்ட்லி கில்பர்ட் என்று 'கன்ட்ரி' வகை இசைக்காரர்கள் முன்னால் பாடினார்கள். கூட்டத்தில் என் வயதுக்காரர்களோடு, 'சில்வர் சைட் அப்' வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகளும் நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு ரேடியோத் திணிப்பு தெரியாது. போனில் தேடிக் கண்டுபிடித்துப் பிடித்துப்போனவர்கள். வெட்கப்படாமல் எல்லா வரியையும் கத்திப் பாடினார்கள். அந்த வருடம் மார்ச்சில் எட்மன்டனில் நடந்த, கனடாவின் இசை விருதான ஜூனோ விழாவில் இவர்களைக் கனடா இசைப் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவில் இவர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. மரியாதை தாமதமாக வந்தாலும் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம்.

நேரில் கேட்டதில் இன்னொன்றும் தெளிவாகியது. ரயன் பீக்கின் பின்குரல் இல்லாவிட்டால் இந்தப் பாட்டுகள் பாதியாகிவிடும். சாட்டின் கரகரப்புக்கு மேலே அவருடைய சுத்தமான குரல் வந்து உட்காரும்போதுதான் பல்லவிக்கு அந்த அகலம் கிடைக்கிறது. ஆல்பத்தில் அது கலந்துபோய்விடுகிறது, மேடையில் தனியாகத் தெரிகிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு: 'ஹவ் யூ ரிமைண்ட் மீ'யில் தொடங்காதீர்கள். அது ஏற்கெனவே காதில் பழகியிருக்கும், எதிர்ப்பும் கூடவே வரும். 'டூ பேட்', 'சைட் ஆஃப் எ புல்லட்', 'ஃபீட் தி மெஷின்' மூன்றையும் முதலில் கேளுங்கள். பிடித்தால் 'சில்வர் சைட் அப்' முழுதாக, வரிசை மாற்றாமல். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். தாழ்வாகச் சுருதி இறக்கிய கிட்டார்களும் மைக்கின் பேஸும் அதில் காதுக்கே வராது. நல்ல ஹெட்போனோ காரோ இருந்தால் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேளுங்கள்.