தார்ப்பாய்ப் பையும் புளிச்சோறும்: 4 ஆண்டு டிராப் பேக் அனுபவம்

என் முதல் டிராப் பேக்கின் எடை 6 கிலோ 800 கிராம். போன மாதம் 80 கி.மீ. மலை ஓட்டத்துக்குக் கட்டிக் கொடுத்த பையின் எடை 2 கிலோ 300. இரண்டையும் வீட்டில் புளி நிறுக்கிற அதே தராசில்தான் வைத்துப் பார்த்தேன். தருமபுரியில் எங்கள் வீட்டுத் தொழில் புளி வியாபாரம். அந்த நாலரைக் கிலோ எப்படிக் குறைந்தது என்பதைத்தான் எழுத வந்தேன். 4 ஆண்டுகளில் 6 ஓட்டங்கள் ஓடியிருக்கிறேன்: 50 கி.மீ. இரண்டு, 80 கி.மீ. மூன்று, 100 கி.மீ. ஒன்று.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட மலை ஓட்டங்களில் நமக்கு வேண்டிய பொருட்களை டிராப் பேக் எனப்படும் ஒரு பையில் போட்டு, ஓட்ட எண்ணை எழுதி, புறப்படும் இடத்திலேயே ஒப்படைத்துவிடுவோம். அமைப்பாளர்கள் வண்டியில் ஏற்றி, நடுவழியில் தண்ணீரும் உணவும் கிடைக்கும் எய்ட் ஸ்டேஷன் ஒன்றில் கொண்டுபோய் வைப்பார்கள். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றிச் சுமார் 170 கி.மீ. ஓடும் யூடிஎம்பி போட்டியில் அந்தப் பை இத்தாலியின் கூர்மாயர் ஊரில் காத்திருக்கும். அது ஏறக்குறைய பாதி தூரம். நம் பக்கத்து ஓட்டங்களில் 30, 40 கி.மீ.க்கு ஒருமுறை பையைப் பார்க்கலாம்.

முதல் ஓட்டத்தில் பழைய காலேஜ் பையைக் கொடுத்தேன். உள்ளே இரண்டு ஜோடி ஷூ, மூன்று பனியன், 14 ஜெல் (ஓடும்போது பிழிந்து சாப்பிடும் இனிப்புப் பாக்கெட்), ஒரு டப்பா கடலை மிட்டாய், ஒரு பாட்டிலில் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ். கூழ் எங்கள் ஊர் உணவு, வயலில் வேலை செய்கிறவர்களைத் தாங்குகிற உணவு, ஓட்டத்துக்கும் தாங்கும் என்று நம்பினேன். 32ஆவது கி.மீ.யில் பையைத் திறந்தபோது கூழ் புளித்து நுரைத்திருந்தது. மூடியைத் திருகியதும் பொங்கிக் காய்ந்த சாக்ஸ் மேலெல்லாம் வழிந்தது. ஹெட்லாம்ப் பேட்டரி எங்கே என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஈரத் தரையில் கொட்டித் தேடினேன். 34 நிமிடம் போனது. உட்கார்ந்திருந்ததில் கால் விறைத்துப்போய், அடுத்த 5 கி.மீ. நடந்துதான் கடந்தேன். கட் ஆஃப் நேரத்துக்கு, அதாவது ஓட்டத்தை முடிக்கக் கொடுத்த கடைசி நேரத்துக்கு, 12 நிமிடம் இருக்கும்போது ஓட்டத்தை முடித்தேன்.

அன்று புரிந்த ஒன்று இன்றுவரை மாறவில்லை. பையைக் கட்டும்போது நாம் வீட்டுக் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறோம். எது வேண்டும், எது வேண்டாம் என்று யோசிக்கத் தெம்பு இருக்கிறது. திறக்கும்போது 7, 8 மணி நேரம் ஓடிக் களைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் மூன்று பனியனைக் காட்டி ஒன்றை எடு என்றால் மூளை திகைத்து நிற்கும். ஒரே பனியனைக் கையில் கொடுத்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே யோசித்து முடித்துவிட வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். அதிகம் தவறு செய்ததும் அதிகம் கற்றதும் இதில்தான்.

என் எடை 64 கிலோ. சமதரையில் ஓடினால் கிலோவுக்கு, கி.மீ.க்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகும். 80 கி.மீ.க்கு 5000 கலோரி தாண்டும், மலை ஏற்றம் தனி. உடம்பில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து 2000 கலோரி அளவுதான். மீதியில் கொஞ்சம் கொழுப்பிலிருந்து வரும், கொஞ்சம் நாம் வழியில் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் குடலுக்கும் ஓர் அளவு உண்டு. குளுக்கோஸ் மட்டும் என்றால் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். அதோடு ஃபிரக்டோஸ் சேர்த்தால் அது வேறு வழியாக உள்ளே போவதால், பழகிய குடல் 90 கிராம் வரை தாங்கும். கடையில் விற்கும் ஜெல்களில் இந்த இரண்டையும் கலந்திருப்பார்கள். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் மாவுச்சத்து இருக்கும்.

ஜெல் நல்ல பொருள்தான். முதல் 4 மணி நேரத்துக்கு இப்போதும் அதைத்தான் நம்புகிறேன். அதற்கு மேல் எனக்கு அந்தத் தித்திப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. இரண்டாவது ஓட்டத்தில் ஏழாவது ஜெல்லை வாயில் வைத்ததும் வாந்தி வந்தது. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் எதுவும் இறங்கவில்லை.

அப்போதுதான் அம்மா சொன்னார்: “திருப்பதி நடந்து போறவங்க என்னத்தப்பா கட்டிக்கிட்டுப் போனாங்க? புளிச்சோறு எடுத்துக்கிட்டுப் போ.” கட்டுச்சோறு என்ற வார்த்தை நம்மிடம் எத்தனை காலமாக இருக்கிறது! புளி வியாபாரி வீட்டில் பிறந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

ஓட்டத்துக்கான புளிச்சோறு வீட்டுப் புளிச்சோறு அல்ல. பச்சரிசியைச் சற்றுக் குழைவாக வடிக்க வேண்டும். நல்லெண்ணெய் வழக்கத்தில் பாதி. மிளகாய் கால் பங்கு. நிலக்கடலையும் கடலைப்பருப்பும் கிடையாது, ஓடும்போது மெல்ல முடியாது, கொழுப்பு வயிற்றில் தங்கும். உப்பு சற்றுத் தூக்கலாக. முந்தின இரவு கிளறி, தாம்பாளத்தில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகுதான் உருட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் புளிச்சோறும் கெடும். வெறும் சோறு, தயிர்சோறு இரண்டையும் டிராப் பேக்கில் வைக்கவே கூடாது, வெயிலில் கிடக்கும் பை அது. ஓர் உருண்டை 60 கிராம். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து என்பதால் உருண்டைக்கு 16, 17 கிராம் கணக்கு. பை ஒன்றுக்கு 4 உருண்டை, தனித்தனி ஜிப்லாக் கவரில். இரண்டைப் பையருகிலேயே சாப்பிடுவேன், இரண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு நடந்தபடி.

சோறு முழுக்க குளுக்கோஸாகத்தான் உடையும். அதனால் பாட்டிலில் வெல்லத் தண்ணீர். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரியும். அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் வெல்லம், அரை எலுமிச்சம்பழம், சிட்டிகை உப்பு. வடிகட்டாமல் ஊற்றினால் சாஃப்ட் பிளாஸ்க் என்ற மடங்கும் பாட்டிலின் வாயில் மண் அடைத்துக்கொள்ளும், இரண்டு முறை வடிகட்டுங்கள். பையில் வைப்பது தண்ணீர் அல்ல, பொடித்த வெல்லப் பொட்டலம். தண்ணீர் அங்கேயே கிடைக்கும், எதற்குச் சுமக்க வேண்டும்?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு மிக நன்று. கடலை மிட்டாய் வேண்டாம், வறண்ட வாயில் கல் மாதிரி நிற்கிறது. பேரீச்சம்பழம் இரண்டு வரைக்கும் சரி. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழைக் காயவைத்துப் போடுகிற மாம்பழ பார் எனக்குப் பிடித்தமானது, சிறு துண்டுகளாக வெட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஏறலாம். குமட்டலுக்கு இஞ்சி மரப்பா. இளநீரைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். அதனால் இளநீரை மட்டும் நம்பி ஓடக் கூடாது.

கேழ்வரகை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஓட்டத்துக்கு முந்தின நாள் மதியம் களிதான் சாப்பிடுகிறேன். அன்று இரவிலிருந்து மட்டும் நார்ச்சத்து வேண்டாம் என்று வெள்ளைச் சோறு, ரசம். இந்த மாற்றத்துக்குப் பிறகு வழியில் வயிற்றுப்போக்குத் தொல்லை ஒருமுறைகூட வரவில்லை.

உப்பு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. எல்லாரும் ஓஆர்எஸ் பாக்கெட்டைச் சத்துப் பொடி மாதிரி நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், 54 கலோரி. சோடியமோ 1700 மில்லிகிராமுக்கு மேல். ஆக அது உப்புக்கான பானம், பசிக்கானது அல்ல. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்கவும் கூடாது. நான் ஓட்டத்தில் ஒரு பாட்டில் வெல்லத் தண்ணீர், ஒரு பாட்டில் சரியாகக் கலந்த ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் குடிக்கிறேன். இன்னொரு பக்கம், பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதித்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்குத்தான் அது அதிகம்.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஓடும் முன் வெற்றுடம்போடு எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வியர்வையைத் துடைத்து மறுபடி பாருங்கள். நடுவில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். தருமபுரி ஏப்ரல் வெயிலில் எனக்கு மணிக்கு 1 கிலோ 100 கிராம் குறைகிறது, டிசம்பர் காலையில் 500 கிராம்தான். ஒரே ஆளுக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால், அடுத்தவர் அளவைப் பார்த்துக் குடிப்பதில் அர்த்தமே இல்லை.

வலி மாத்திரை என் பையில் இல்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி பை. காலேஜ் பைக்குப் பிறகு கொஞ்ச நாள் 10 கிலோ அரிசிப் பையைப் பயன்படுத்தினேன். மழையில் நனைந்து எண் அழிந்து, 60 பைகளுக்கு நடுவில் தேட வேண்டியதாயிற்று. பிறகு நெடுஞ்சாலையோரம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் அண்ணனிடம் போய், மிச்சத் துண்டில் ஒரு பை கேட்டேன். “என்ன சார் அளவு?” என்றார். ஒரு ஜோடி ஷூ படுக்கிற அகலம், முழங்கை உயரம் என்றேன். 350 ரூபாய் வாங்கினார். மூன்று ஆண்டாக அதே பைதான், ஒரு தையல் பிரியவில்லை. வாயை மூன்று மடிப்பாகச் சுருட்டிக் கயிற்றால் கட்டினால் சொட்டுத் தண்ணீர் இறங்காது. மஞ்சள் நிறம் என்பதால் தூரத்திலிருந்தே தெரியும். எண்ணைப் பெயிண்டில் எழுதுவதில்லை, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரில் எழுதுகிறேன். ஒரே குறை, வெயிலில் உள்ளே சூடேறும். அதனால் ஒப்படைக்கும்போதே நிழலில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே மூன்று கவர், மூன்று நிறம். பச்சையில் கால்: சாக்ஸ், வாசலின், பிளாஸ்டர், துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு, அட்டைப்பூச்சி உள்ள காடானால் ஒரு பொட்டலம் உப்பு. மஞ்சளில் சாப்பாடு. சிவப்பில் இரவு: ஹெட்லாம்ப் பேட்டரி, பவர் பேங்க், மழைச்சட்டை. மாற்று ஷூ அரை சைஸ் பெரியது, 80 கி.மீ.க்கு மேல் மட்டும், ஏனென்றால் அதற்குள் பாதம் வீங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்டை. அதில் பெரிய எழுத்தில்: தண்ணீர் நிரப்பு. சாக்ஸ் மாற்று. பேட்டரி மாற்று. சாப்பிட்டுக்கொண்டே நட. இதைப் படித்துப் படித்துச் செய்கிறேன். போன ஓட்டத்தில் 8 நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

இதையெல்லாம் ஓட்ட நாளில் முதன்முறை செய்தால் பலிக்காது. என் பயிற்சிக் களம் வத்தல்மலை. அடிவாரத்தில் அக்கா ஒருவரின் டீக்கடையில் பையை வைத்துவிட்டு மேலே ஏறி இறங்குவேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கடிகாரத்தை அழுத்தி, பையைத் திறந்து, அட்டையில் உள்ளபடி செய்து, மறுபடி கட்டிவிட்டு ஏறுவேன். மூன்று ஏற்றம் முடிந்து நாலாவதில் உருண்டை இறங்குகிறதா என்பதுதான் சோதனை. புது உணவு எதுவானாலும் இங்கே ஐந்து முறை தேறிய பிறகுதான் பைக்குள் வரும். முதல் முறை வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் குரங்கு பையைப் பிரித்திருந்தது. “தம்பி, பழ வாசம் அடிச்சா அதுங்க விடாது. கடைக்குள்ள வெச்சுட்டுப் போ” என்றார் அக்கா. காட்டுக்குள் நடக்கும் ஓட்டங்களிலும் இது நினைவிருக்கட்டும், வாசமுள்ள பழத்தை டிராப் பேக்கில் வைக்காதீர்கள்.

இன்னும் எனக்குப் பிடிபடாத ஒன்று, 65 கி.மீ.க்கு மேல் வரும் அந்த வெறுப்பு. அப்போது புளிச்சோறுகூடப் பாதிதான் போகிறது. கேஸ் போக விட்ட கோலா ஒரு டம்ளர் குடித்தால் ஒரு மணி நேரம் ஓடுகிறேன், அப்புறம் மறுபடி அதே கதைதான். சூடாக, உப்பாக, தித்திப்பே இல்லாமல் ஏதாவது இருந்தால் இறங்கும் என்று தோன்றுகிறது. அடுத்த ஓட்டத்துக்கு 11 வாரம் இருக்கிறது. ரசப்பொடியும் வறுத்த அரிசி நொய்யும் கலந்த ஒரு பொட்டலம் செய்திருக்கிறேன். எய்ட் ஸ்டேஷனில் வெந்நீர் வாங்கிக் கரைத்தால் கஞ்சியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலை நாலாவது ஏற்றத்துக்கு முன் அக்கா கடை வெந்நீரில் கரைத்துக் குடித்துப் பார்க்கப்போகிறேன்.