பைத்தானிலிருந்து சி நூலகத்தைக் கூப்பிட எது தோது: சிடைப்ஸா, சிஎஃப்எஃப்ஐயா, சைதானா?

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைக்கு பைத்தானில் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல் லாரி நிற்கும் எடைமேடையைப் படிக்க, கருவிக்காரர் தருவது சியில் எழுதிய ஒரு டிஎல்எல் கோப்பும் (கம்பைல் செய்து முடித்த நூலகம்) அதன் ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஒரு ஹெடர் கோப்பும்தான். மூலநிரல் கிடைக்காது.

இப்படி இரண்டு மொழிகளைக் கோக்கும் கருவிகள்தான் சிடைப்ஸ், சிஎஃப்எஃப்ஐ, சைதான் மூன்றும். தேர்ந்தெடுக்க வரும்போது பலரும் முதலில் கேட்பது வேகத்தை. லாரிக்கு ஒரு தடவை கூப்பிடுகிற இடத்தில் வேகம் எதற்கு? நிரல் ஓடப்போகும் கணினியில் கம்பைலர் (சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இருக்குமா, அதைப் போய் நிறுவப்போவது யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் சிடைப்ஸ் முந்துகிறது. 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் கூடவே வருகிறது. எதையும் கம்பைல் செய்ய வேண்டாம். ஆனால் அது உங்களை அப்படியே நம்பும். ஃபங்ஷன் திருப்பித் தரும் வகையை நீங்கள் சொல்லாவிட்டால் முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். எடையை டபுளாக, அதாவது தசம எண்ணாகத் தரும் ஃபங்ஷனுக்கு அந்த வகையைச் சொல்லும் ரெஸ்டைப் எழுத மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, சம்பந்தமில்லாத ஓர் எண்தான் வரும். "தம்பி, லாரி நிக்கி, எடை மைனஸ்ல காட்டுதே" என்று அண்ணாச்சி போன் போடுவார். ஸ்ட்ரக்ட் (பல புலங்களைச் சேர்த்துக் கட்டிய தரவு) இருந்தால் இன்னும் மோசம். ஹெடரில் உள்ள வரிசையிலேயே கையால் எழுத வேண்டும். கருவிக்காரர் அடுத்த பதிப்பில் நடுவே ஒரு புலத்தைச் சேர்த்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சிஎஃப்எஃப்ஐயில் ஹெடரின் அறிவிப்புகளை ஏறக்குறைய அப்படியே ஒட்டலாம். அதன் ஏபிஐ வழியில், அதாவது கம்பைல் செய்யும் வழியில், உண்மையான ஹெடரோடு ஒத்துப்பார்ப்பதால் ஸ்ட்ரக்ட் தப்புகள் அங்கேயே மாட்டும். ஆலையில் கம்பைலர் இல்லையே என்றால், பாளையங்கோட்டையில் உங்கள் கணினியிலேயே வீல் கோப்பாக (நிறுவத் தயாரான பைத்தான் பொதி) கட்டி எடுத்துப்போகலாம்; பைத்தான் பதிப்பும் பிட் கணக்கும் (32ஆ, 64ஆ) பொருந்தினால் சரி. ஸ்ட்ரக்ட் நிறைந்த ஹெடர் என்றால் என் ஓட்டு இதற்கே.

சைதான் வேறு வேலைக்கானது. பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் அளவீடுகள் லட்சக்கணக்கில் வந்து, ஒவ்வொன்றுக்கும் சி ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டுமென்றால், பைத்தானிலிருந்து சிக்குத் தாவும் செலவே பெரிதாகிவிடும். சைதானில் லூப்பையே சியாக மாற்றிவிடலாம். எடைமேடைக்கு இது அதிகம்.

நூலகம் சி++ என்றால் பைபைண்ட்11 என்ற கருவியின் பக்கம் போங்கள். சி++ கம்பைலர் ஃபங்ஷன் பெயர்களை உருமாற்றிவிடுவதால் சிடைப்ஸுக்கு அங்கே திண்டாட்டம். அதே நூலகம் ஜாவாவுக்கும் வேண்டுமென்றால் மட்டும் ஸ்விக் என்ற கருவி.

அப்புறம், ஆலைக் கணினியில் அடிக்கடி இடறுவது இன்னொன்று: பழைய டிஎல்எல் 32 பிட், பைத்தான் 64 பிட். இரண்டும் ஒரே பிராசஸில், அதாவது ஓடும் ஒரே நிரலுக்குள், சேராது. விண்டோஸ் பிழை எண் 193 காட்டி நிறுத்திவிடும். இதற்கு மேலே சொன்ன எந்தக் கருவியும் மருந்தல்ல. 32 பிட் பைத்தானில் சிடைப்ஸ் வைத்து எடையை மட்டும் படிக்கும் குட்டி நிரலைத் தனியாக ஓடவிட்டு, சாக்கெட் (நிரல்களுக்கு இடையிலான இணைப்பு) வழியாக எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். டிஎல்எல் கவிழ்ந்தாலும் பில் போடுவது நிற்காது.