விக்கிட்ரீயில் ஒரு தோட்டம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கட்டணமில்லாத கொடிவழித் தளமான விக்கிட்ரீயை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த எங்கள் குடும்பமும், எங்களோடு ஒரே ரப்பர் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருந்த மற்றக் குடும்பங்களும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மேலே ஏறிக்கொண்டே போக நினைப்பவருக்கு, தோட்டத்துத் தமிழரான நம்மவர் விஷயத்தில், அதனால் கிடைக்கும் பயன் குறைவுதான். ஒரு தோட்டத்தில் யார் யார் வாழ்ந்தார்கள், யார் யாருக்கு என்ன முறை, லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு யார் எந்தப் பட்டணத்துக்குப் போனார்கள் என்பதைப் பலர் கூடிச் சேர்த்து வைக்க விரும்பினால், இதைவிட ஏற்ற இலவச இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

2008-இல் தொடங்கப்பட்ட இத்தளத்தின் அடிப்படை எளியது. ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு கொடிவழியை வரைந்துகொள்வதில்லை. உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே கொடிவழிதான். ஒரு மனிதருக்கு ஒரே பக்கம். அவருடைய பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் உறுப்பினர்களாக இருந்தாலும் அதே பக்கத்தில்தான் எழுத வேண்டும். சேரும்போது ஒரு நன்னடத்தை உறுதிமொழியை ஏற்க வேண்டும். எழுதும் செய்திக்கு ஆதாரம் காட்ட வேண்டும். 1700-க்கு முற்பட்டவர்களைப் பற்றி எழுதுவதற்குத் தனித் தகுதி பெற வேண்டும் என்றும் விதி உண்டு. கங்காணி (ஊரிலிருந்து கூலியாட்களைச் சேர்த்து வந்த மேற்பார்வையாளர்) காலத்தைத் தாண்டுவதற்கே மூச்சு வாங்கும் நமக்கு அந்த விதியால் எந்த இடைஞ்சலும் இல்லை.

மேலே ஏற முடியாததற்குக் காரணம் தளம் அன்று, நம் முன்னோர் வந்த விதம். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணிகள் வழியாகவும், தொழிலாளரை வரவழைக்க அமைந்த குடியேற்ற நிதியின் இலவசப் பயணச்சீட்டிலும் பல்லாயிரம் பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும் வரை இது நீடித்தது. கங்காணி தன் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்துக்கொண்டு வந்ததால், ஒரு லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தார். இதைப் புரிந்துகொண்டவுடன் தேடலின் திசையே மாறியது: என் பாட்டனாரின் ஊர் எது என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாதபோது, அடுத்த வாசலில் குடியிருந்தவரின் பழைய கடவுச்சீட்டில் ஊர், தாலுகா, ஜில்லா மூன்றும் தெளிவாக இருந்தன.

கல்யாணங்களுக்கும் தாள் ஆதாரம் கிடைப்பது அரிது. திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1976-இல் நிறைவேறி 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டிய பலர் எந்த அலுவலகத்திலும் பதிந்துகொள்ளவில்லை. தாய்மாமன் தன் சகோதரியின் மகளை மணக்கும் இந்து வழக்கத்துக்கு அதே சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. அக்காள் மகளைக் கட்டியவர் ஒரே கொடிவழியில் இரண்டு இடத்தில் உறவாக வருவார்; விக்கிட்ரீ இதை ஒரு குழப்பமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. உறவுமுறை காணும் கருவி அந்த இரண்டு வழிகளையும் காட்டும்போது, எங்கள் தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை என்பது வெளிச்சமாகிவிட்டது.

பெயர்தான் நாங்கள் நீண்ட நேரம் செலவிட்ட இடம். பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரைத் தளம் கட்டாயமாகக் கேட்கிறது; அந்தப் பெயரோடு ஓர் எண் சேர்ந்துதான் அந்த மனிதரின் அடையாளக் குறியீடு அமைகிறது. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரம்புவான் (மகள்) என்று நடுவில் எழுதி, அப்பா பெயரோடு முடிந்துவிடும். எனவே அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் இடுவது என்று முடிவு செய்தோம். இதனால் தாத்தா, அப்பா, மகன் மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர்கள் அமைகின்றன. கடைசிப் பெயரைக் கொண்டு குடும்பத்தை ஒன்றாகத் தேடி எடுக்கும் வசதி நமக்குப் பயன்படாது. அந்தப் பெயரைத் திருத்தினால் குறியீடும் மாறிவிடும் என்பதால், எழுத்துக்கூட்டலை முதலிலேயே உறுதி செய்துகொள்வது அவசியம். முனியாண்டி என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் அப்பாவுக்கு ஒருவிதமாகவும், அவருடைய பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் ஆளுக்கொரு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். கிடைத்தவற்றுள் மிகப் பழைய தாளில் உள்ள கூட்டலே குறியீட்டுக்கு, மற்றவையெல்லாம் மாற்றுப் பெயர்க் கட்டத்துக்கு, தமிழ் எழுத்தில் சரியான பெயர் வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியில் என்பது எங்கள் வழக்கம்.

பத்திரத்தில் இருப்பதே பெயர் என்று நம்பிவிடவும் முடியாது. எங்கள் தோட்டத்தின் மூத்த பெண்மணி ஒருவரிடம் அவருடைய தகப்பனாரின் பெயரைக் கேட்டபோது, "தம்பி, பெரட்டுல கிராணி கூப்பிட்ட பேரு ராமசாமி. வீட்டுல அவரு கருப்பண்ணன். ஏற்கெனவே ரெண்டு கருப்பண்ணன் செக்ரோல்ல இருந்தாங்களாம், கிராணி மாத்தி எழுதிட்டாரு" என்றார். (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது; கிராணி தோட்டத்து எழுத்தர்; செக்ரோல் சம்பளப் பதிவேடு.) "அப்போ ஊர்க் கடிதாசி எந்தப் பேருக்கு வரும், அத்தை?" என்றேன். "கருப்பண்ணனுக்குத்தான். தபால வாங்கப் போனா ஆபீசுல அப்படி ஒரு ஆளே இல்லம்பாங்க" என்று சிரித்தார். சம்பளம் போட்ட செக்ரோல் புத்தகங்களே கைக்கு வந்தால்கூட, இப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அவற்றைப் படிக்க முடியும். எங்கள் தோட்டத்தின் புத்தகங்கள் நிலம் கைமாறியபோது எரிக்கப்பட்டுவிட்டன.

விக்கிட்ரீயில் தனி மனிதர் பக்கங்கள் தவிர, எதைப் பற்றியும் எழுதிக்கொள்ளும் சுதந்திரப் பக்கங்களும், ஓர் ஊரை முழுமையாக ஆராயும் ஓரிட ஆய்வுகளும் உண்டு. எங்களுக்குக் கைகொடுத்தவை இவையே. தோட்டத்துக்கென ஒரு பக்கம் திறந்து, கோயிலுக்கு எதிர் லயம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கத்து லயம், ஸ்டோருக்குப் போகும் பாதையோரத்து லயம் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வாசலிலும் யார் குடியிருந்தார்கள் என்பதை நினைவிலிருந்து எழுதி, அந்தந்தப் பெயரிலிருந்து அவரவர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தோம். கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் தாமாகவே பேச ஆரம்பித்தது அதன் பிறகுதான். தாத்தாவின் பிறந்த ஆண்டு தெரியாதவருக்கும் அடுத்த வீட்டுக்காரர் யார் என்பது தெரிந்திருந்தது. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு, இரத்த உறவைவிட வாசல் வரிசை நன்றாக நினைவிருக்கிறது.

ஆதாரங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், தயங்காமல் கல்யாணப் பத்திரிகை என்பேன். ஒரு நல்ல பழைய பத்திரிகையில் மணமக்களின் பெற்றோர், இருபுறத்துத் தாத்தா பாட்டி, தாய்மாமன்கள், தோட்டத்தின் பெயர், சிலவற்றில் தமிழகத்துப் பூர்வீக ஊர் வரை எல்லாம் அச்சில் இருக்கும். அதற்கு அடுத்தது நாளிதழ்களில் வந்த நினைவஞ்சலி விளம்பரம். பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள் என்று இத்தனை பெயர்களை வரிசையாகத் தருவது வேறெதுவும் இல்லை. கோயில் திருவிழா நோட்டீசில் உபயதாரர் பட்டியலும் உதவும். 1948-இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின்போது அடையாள அட்டை அறிமுகமானதால், பல குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் ஒரே படம் அந்த அட்டைக்காக எடுத்த படமாகவே இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் மலாயாவின் பழைய ஆங்கில நாளிதழ்களோடு 1935-இல் தொடங்கிய தமிழ் முரசையும் கட்டணமின்றித் தேடலாம். அவசரகாலத்துக்கு வித்திட்ட 1948 ஜூன் 16 கொலைகள் எங்கள் சுங்கை சிப்புட்டின் எல்பில், பின் சூன் தோட்டங்களில் நடந்தவை. இறந்த மூன்று துரைமார்களின் பெயர்களை எந்த வரலாற்று நூலிலும் காணலாம். அன்று காலை அதே தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் பெயர்களை எழுதுவதற்கு இப்படி ஒரு பக்கம்தான் வேண்டியிருக்கிறது.

ஜப்பானியர் காலத்தில் சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு லயத்திலும் உண்டு. இறப்புப் பத்திரமோ புதைத்த இடமோ இல்லாத இவர்களுக்கு, தேதியை உறுதியானது, ஏறத்தாழ, இதற்கு முன், இதற்குப் பின் என்று குறிக்கும் வசதி பெரிய உதவி. கடைசியாகப் பார்த்தது 1943 என்றால், 1943-க்குப் பின் என்று மட்டும் குறித்து, யார் எப்போது சொன்னார் என்பதை ஆதாரமாக எழுதி விடுகிறோம். சிலர் மனக்கணக்காக ஒரு தேதியைப் போடச் சொன்னபோது நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

உயிரோடிருப்பவர்களின் விவரங்களில் தளம் கண்டிப்பானது. உறுப்பினராக இல்லாதவரின் பக்கம், நம்பகப் பட்டியலில் (அந்தப் பக்கத்தைக் காண அனுமதி பெற்றவர்களின் பட்டியலில்) இருப்பவர்களைத் தவிர யார் கண்ணுக்கும் படாது. இறந்தவர்களைப் பற்றித்தான் நாங்களே விதி வகுக்க வேண்டியிருந்தது. சாதி எழுதுவதில்லை. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளையும் வளர்ப்புப் பிள்ளைகளையும் மறைப்பதில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் சரி என்று சொல்லும் வரை காத்திருக்கிறோம். இதில் மனத்தாங்கல் வந்து விலகியவர்களும் உண்டு. எனக்கு அதில் வருத்தம் உண்டே தவிர, விதியை மாற்றும் எண்ணம் இல்லை.

மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலமும் வேண்டும் என்பதால், தகவல் வைத்திருக்கும் முதியவர்கள் யாரும் நேரடியாக உறுப்பினராக முடிவதில்லை. அவர்கள் வாட்சாப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள். இளையவர்கள் இருவர் மூவர் அதைக் கேட்டு எழுதி, ஏற்றுமுன் சொன்னவரிடமே படித்துக் காட்டுகிறார்கள். வேலையின் பெரும்பகுதி இதுதான். இலவசம் என்ற சொல்லுக்குள் இந்த உழைப்பு அடங்காது. அந்நியர் ஒருவர் நம் பக்கத்தில் கைவைத்துவிடுவாரோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. எல்லா மாற்றமும் பெயரோடும் தேதியோடும் பதிவாவதால் திரும்பப் பெறலாம். அதோடு, சுங்கை சிப்புட் லயங்களைப் பற்றி எழுத வரும் அந்நியர் இன்னும் பிறக்கவில்லை. மரபணுச் சோதனை முடிவுகளை இணைக்கும் வசதியும் இருக்கிறது. நம்மவருள் சோதனை செய்துகொண்டவர்கள் மிகச் சிலர் என்பதால் இப்போதைக்கு அதற்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

தொடங்க நினைப்பவர்கள் தம் வீட்டிலிருந்து தொடங்காமல் தோட்டத்துப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஆட்கள் விரைவில் சேர்வார்கள். பதிந்தவற்றைக் கெட்காம் என்ற, கொடிவழி மென்பொருள்கள் படிக்கும் பொது வடிவக் கோப்பாக அவ்வப்போது இறக்கி, கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் எழுத்து மட்டுமே வரும், படங்கள் வாரா. ஆகையால் பத்திரிகைகளையும் பழைய அட்டைகளையும் ஒளிநகல் எடுத்தவுடன் கோப்பின் பெயரிலேயே அந்த மனிதரின் குறியீட்டை எழுதி, தளத்துக்கு வெளியே தனியாகவும் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.