பின் டிரம் பிரேக் பிடித்துக்கொண்டால் டிரம்மை முதலில் கழற்றாதீர்கள்: பழைய பிக்கப்போடு பல வருட அனுபவம்

என்னிடம் இருப்பது பழைய பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், லீஃப் ஸ்பிரிங், கேபிளில் ஓடும் ஹேண்ட் பிரேக். பல வருடமாக ஓட்டுகிறேன். வண்டி நிற்கவில்லை என்று இந்தப் பின் பிரேக்கைப் பற்றி நான் குறைப்பட்டதே கிடையாது. பிடித்ததை விடவில்லை என்பதுதான் என் குறையெல்லாம். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம், ஷூ என்பது அதற்குள் விரிந்து அழுத்தும் பிறை வடிவத் துண்டு. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி கனக்கும், டீசல் கூடுதலாகப் போகும், ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயும், டிரம் சூட்டில் நீலம் பாரிக்கும். வெவ்வேறு காலத்தில் இது எனக்கு வெவ்வேறு காரணத்தால் வந்திருக்கிறது. வெளியே தெரிவது ஏறக்குறைய ஒரே மாதிரி, உள்ளே காரணம் ஒவ்வொரு முறையும் வேறு.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. சக்கரம் இறுகுகிறது என்றதும் பலரும் செய்வது, ஜாக்கி போட்டு டிரம்மைக் கழற்றுவது. ஆனால் ஷூ பிடித்திருக்கும் டிரம் சும்மா கழன்று வராது. டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பேக் பிளேட்டின் சின்னத் துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்பி, ஷூவை உள்ளே இழுத்த பிறகுதான் வரும். அப்படி இழுத்தவுடன் கோளாறும் மறைந்துவிடும், தடயமும் மறைந்துவிடும். உள்ளே தூசியைத் தவிர ஒன்றும் தெரியாது. சுத்தம் செய்து, புது ஷூ போட்டு மூடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அட்ஜஸ்டர் மறுபடி ஷூவை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் பழைய கதை திரும்பும். ஆகவே என் பழக்கம் இதுதான்: சக்கரம் பிடித்திருக்கும்போதே சோதிப்பது, டிரம்மைக் கடைசியாகத் தொடுவது.

ஸ்பேனர் எடுக்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிடும். எப்போது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று கவனித்தால் போதும். மழையில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, காலையில் எடுக்கும்போது மட்டும் 'டக்' என்று விட்டு நகர்கிறது என்றால், ஷூ துருவில் டிரம்மோடு ஒட்டியிருக்கலாம், அல்லது கேபிள் திரும்பவில்லை. காலையில் ஒன்றுமில்லை, ஓட ஓடத்தான் இறுகுகிறது, ஆறியபின் சரியாகிறது என்றால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பார்க்க வேண்டும். சூட்டில் விரியும் ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் ஷூவைத் தள்ளிக்கொண்டிருக்கும். அழுத்தி பிரேக் பிடித்த பிறகு மட்டும் கொஞ்ச நேரம் இழுத்து, மெல்ல மெல்ல விடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் மேல். எப்போதுமே ஒரே அளவில் உரசுகிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட், டிரம்முக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவர் அல்லது தளர்ந்த ஸ்பிரிங். இது அச்சடித்த சட்டம் இல்லை, ஆனாலும் எனக்குப் பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டியிருக்கிறது.

அடுத்தது சூடு. போக்குவரத்து இல்லாத சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி, முடிந்தவரை பிரேக் தொடாமல், கியரிலேயே வேகம் குறைத்து நிறுத்த வேண்டும். பிறகு தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கும் கருவியால் நான்கு சக்கரத்தையும் அளக்கலாம். அது இல்லாவிட்டால் உள்ளங்கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோனாலே தெரியும். தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும். எத்தனை டிகிரி என்பதைவிட இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் கொதிக்கிறது என்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலோ அதற்குப் போகும் கேபிளிலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து கொதித்தால் இரண்டுக்கும் பொதுவானதைப் பார்க்க வேண்டும்: நடுவில் இருக்கும் ஹோஸ், முன் கேபிள், மாஸ்டர் சிலிண்டர். லோடு இல்லாத பிக்கப்பில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. அது முன் டிஸ்க்கைவிடச் சூடாக இருந்தாலே சந்தேகப்படலாம். பேரிங் போனாலும் சூடு வரும், ஆனால் அதற்கு உறுமல் சத்தமும் ஆட்டமும் கூடவே இருக்கும்.

பிறகுதான் ஜாக்கி. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின் ஆக்சிலுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும். இந்தச் சோதனையில் ஹேண்ட் பிரேக்கும் இருக்காது, கியரும் இருக்காது. வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டைகள் மட்டும்தான். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. பின் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது முன் சக்கரம் மாதிரி லேசாகச் சுற்றாது. டிஃபரன்ஷியலும் கெட்டியான கியர் ஆயிலும் கூடச் சேர்ந்து சுழலும், எதிர்ப்பக்கச் சக்கரம் தலைகீழாகத் திரும்பும். இந்தக் கனத்தை பிரேக் என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு. ஷூ லேசாக 'சர்ர்' என்று உரசும் சத்தமும் குற்றமில்லை. ஒரு கையால் சுற்ற முடியாவிட்டால்தான் விவகாரம்.

சக்கரம் பிடித்திருக்கிறதா? சரி, முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை ஈக்வலைசரில், அதாவது முன் கேபிளின் இழுப்பை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரிக்கும் இடத்தில், முழுக்கத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் காரணம் கேபிள் பக்கம். விடவில்லை என்றால் அந்தச் சக்கரத்தில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, அதே நொடியில் சக்கரம் லேசாகிவிட்டால் குழாயில் அழுத்தம் சிக்கியிருந்தது என்று அர்த்தம். வெறுமனே கசிந்து, சக்கரம் அப்படியே இறுகியிருந்தால் கோளாறு டிரம்முக்குள்: ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் இறுகிய பிஸ்டன், ஸ்பிரிங், ஷூ, லீவர். இந்த ஒரு நிப்பிள் சோதனை எனக்கு மிச்சப்படுத்திய நேரமும் பணமும் கொஞ்சமல்ல.

அழுத்தம் சிக்கியிருந்தால் இன்னொரு படி. நிப்பிளை மூடிவிட்டு, பெடலை மிதித்து மறுபடி சக்கரத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். இப்போது ஹோஸுக்கு முன்னால், சேஸிஸ் பக்கம் இருக்கும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை, நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் அடைப்பு ஹோஸில். அங்கே தளர்த்தியதுமே சக்கரம் விட்டுவிட்டால் அதற்கு முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரோடு இணைக்கும் நட்டுகளைச் சில மில்லிமீட்டர் தளர்த்தியதும் சக்கரம் விட்டால், உள்ளே தள்ளும் ராடு நீளமாக இருக்கிறது அல்லது பெடலுக்கு ஃப்ரீ ப்ளே, அதாவது மிதித்ததும் சும்மா இறங்கும் கொஞ்ச தூரம், இல்லை. எங்கே தளர்த்தினாலும் வேலை முடிந்ததும் குழாய்க்குள் புகுந்த ஏரை எடுத்தே ஆக வேண்டும்.

என் வண்டியில் முதலில் வந்தது கேபிள். இடது பின் சக்கரம் மட்டும் சூடு. அதற்கு முன் ஒரு பட்டறையில் ஹேண்ட் பிரேக் மிக மேலே வருகிறது என்று சொன்னதற்கு, கேபிளை இழுத்து முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஹேண்ட் பிரேக் மேலே வருவது பெரும்பாலும் ஷூ டிரம்மிலிருந்து விலகி நிற்பதால்தான். முதலில் ஸ்டார் வீலில் ஷூவைச் சரிசெய்து, கடைசியில் கேபிளுக்கு வர வேண்டும். வரிசை மாறினால் டிரம்முக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவர் தன் இடத்தில் போய் உட்காராமல் எப்போதும் கொஞ்சம் இழுபட்டே நிற்கும். பல வண்டிகளில் ஆட்டோ அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. என் கேபிள் உறைக்குள் தண்ணீர் போய்த் துருவும் பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுப் பிழைக்க வைத்தால் அடுத்த மழை வரைதான் தாங்கும். இரண்டு பக்கமும் புதிதாக மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது.

ஹோஸ் விவகாரம் கொஞ்சம் வினோதமானது. பெரும்பாலான பிக்கப்புகளில் சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ்தான் போகும், அதனால் அது அடைத்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெடிப்பில்லை, கசிவில்லை. உள் சுவர் உப்பி, துளை ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அழுத்தி மிதிக்கும்போது அழுத்தம் 100 பார் வரைகூடப் போகும். அந்த வேகத்துக்கு எந்த இடுக்கிலும் ஆயில் புகுந்து போய்விடும். திரும்பி வரும்போது தள்ளுவது ஷூவின் ரிட்டர்ன் ஸ்பிரிங் மட்டும். அதற்கு அவ்வளவு பலம் ஏது? உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழியில்லை. ஹோஸைக் குறடால் நசுக்கிச் சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நல்ல ஹோஸையும் கெடுக்க அதுவே போதும். பிரேக் ஆயில் டப்பாவில் தவறிப்போய் இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கலந்திருந்தாலும் ரப்பர் உப்பும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் ஊதிப் பெருத்திருந்தால் அதுதான் அடையாளம். அப்படியானால் ஹோஸ் மட்டும் போதாது, அந்த ஆயில் தொட்ட ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் கோளாறை நண்பர் வண்டியில்தான் பார்த்தேன். பூஸ்டர் மாற்றிய பிறகு ஓட ஓட முன்னும் பின்னும் இறுகியது. ராடு ஒரு துளி நீளமாக இருந்ததால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராமல், ஆயில் திரும்பும் சின்னத் துளையை மூடிக்கொண்டே நின்றிருக்கிறது. டப்பா மூடியைத் திறந்து வைத்து ஒருவர் பெடலை மெல்லத் தொடும்போது ஆயிலில் சின்னக் கொப்பளிப்பு தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. எல்லா வகை மாஸ்டரிலும் இது தெரியாது, தெரிந்தால் நல்லது.

என்னை அதிகம் அலைக்கழித்தது பேக் பிளேட். ஷூவின் ஓரம் உட்கார்ந்து நகரும் சின்ன மேடைகள் அதில் உண்டு. வருடக்கணக்கில் உரசி அவற்றில் பள்ளம் விழுந்துவிடும். ஷூ வெளியே போகும், திரும்பும்போது பள்ளத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். சில நேரம் பிரேக் விடும்போது 'க்ளிக்' சத்தம் வரும். கேபிளும் சரி, ஹோஸும் சரி, வீல் சிலிண்டரும் சரி, ஆனாலும் பிடிக்கும். புது ஷூ போட்டாலும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். அங்கே வெல்டு வைத்து நிரப்பி, அரத்தால் சமமாக ராவி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை நகத்தளவு தடவினேன். ஷூவை எடுத்துவிட்டு அந்த மேடைகளில் விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டிய நேரத்தில், ஸ்டார் வீலைப் பின்னுக்குத் திருப்பும்போது அட்ஜஸ்டர் லீவரை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் விலக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பாது. டிரம் முகத்தில் மரை வெட்டிய துளை இருந்தால் போல்ட் போட்டு நெம்பலாம். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் உடையும். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதுதான் முறை. ஒரு பக்கத்தைப் பிரித்தால் மறுபக்கத்தை அப்படியே விட்டுவையுங்கள், ஸ்பிரிங் எங்கே மாட்டியது என்று பார்த்துக்கொள்ள உதவும். பல வண்டிகளில் இடது, வலது அட்ஜஸ்டருக்கு மரை எதிரெதிர்; மாற்றிப் போட்டால் ஷூவைத் தள்ளுவதற்குப் பதில் உள்ளே இழுக்கும். இரண்டு ஷூவும் ஒன்றையொன்று தள்ளும் வகை டிரம்மில் நீள லைனிங் பின்பக்கம் வர வேண்டும். நிறம் மாறிய, சுருளுக்கு நடுவே இடைவெளி தெரியும் ஸ்பிரிங் சூட்டில் வெந்தது. அதை மறுபடி போடுவது வீண் வேலை.

பிரேக் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் ஆயிலின் தரங்களில் ஒன்றான டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இது 230, 155. பிடித்துக்கொண்ட டிரம்மின் சூட்டில் இந்த வித்தியாசம் விளையாட்டில்லை. ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருவையும் வளர்க்கும், துரு பிஸ்டனை இறுக்கும். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மழையிலோ கழுவிய பிறகோ நிறுத்தும்போது, இடம் சமமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரில் போட்டுக் கட்டை வைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பின்னால் டிஸ்க் மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. லோடோடு மேட்டில் நிற்க டிரம் ஹேண்ட் பிரேக் பிடிக்கும் பிடி தனி, லைனிங்கும் நெடுநாள் வருகிறது. பழைய பிக்கப் வாங்குபவர் எவராவது கேட்டால், ஷூ வாங்குவதற்கு முன்னால் பின்பக்க ஹோஸ், இரண்டு கேபிள், ஸ்பிரிங் செட், புது ஆயில், இவற்றுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன். ஷூவில் பெரும்பாலும் இன்னும் லைனிங் மிச்சம் இருக்கும்.